கப்பலில் மூன்று பேருக்கு ஒரு மேசை

1

விருத்தாசலத்திலிருந்து சேகர் கடிதம் போட்டிருக்கிறான். சேகர் என் மனைவி தனத்தின் தம்பி, ஊரில் ஒரு பீங்கான் கம்பெனியில் கரண்ட் பெட்டிக்கான ஃபியூஸ் கேரியர் செய்யும் பிரிவைப் பார்த்துக்கொள்கிறான். மே மாத லீவில் பெண்டாட்டி பிள்ளைகளோடு சிங்கப்பூர் வருகிறானாம். 'மாமா, அங்கேர்ந்து கப்பல்ல மூணு நாளு சுத்திக் காட்டுறாங்களாமே. நீங்க போயிட்டு வந்தீங்கன்னு அக்கா எழுதியிருந்துச்சு. எப்படிப் போவணும், என்னா எடுத்தாரணும், எல்லாத்தயும் வெவரமா எழுதுங்க' என்று கேட்டிருக்கிறான்.

நாங்கள் போய்வந்து இந்த டிசம்பரோடு ஒரு வருஷம் ஆகிறது. பதில் எழுத உட்கார்ந்தேன். அது ஒரு மச்சானுக்கு எழுதும் கடிதத்தின் அளவைத் தாண்டிப் போய்விட்டது. ஊரில் இப்போது தெருவுக்கு ஒரு பிள்ளையாவது வெளிநாட்டில் இருக்கிறது. நீங்களும் ஒரு நாள் வரத்தான் போகிறீர்கள். அதனால் எல்லோருக்கும் பொதுவாகவே எழுதிவிடுகிறேன். யோசனை எல்லாம் பட்டுத் தெரிந்துகொண்டவை. நடுநடுவே என் புலம்பலும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

முதலில் கேபின். கடல் தெரியும் ஜன்னல் வேண்டும் என்று எல்லோரும் ஆசைப்படுவார்கள். வேண்டாம். கேபினில் தூங்கத்தான் போகிறீர்கள், கடல் மேல்தளத்தில் வேண்டிய மட்டும் இருக்கிறது. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேட்டு வாங்குங்கள். வேப்பூர் போகும் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்தவனுக்கு எது குலுங்கும் எது குலுங்காது என்று சொல்லித்தர வேண்டியதில்லை. கப்பலுக்கும் அதே நியாயம்தான்.

அடுத்தது விசா. நம் பாஸ்போர்ட்டுக்குக் கப்பல் நிற்கும் ஒவ்வொரு நாட்டுக்கும் கேட்பார்கள். பினாங்குக்கு ஒன்று, புக்கெட்டுக்கு ஒன்று. இவ்விரண்டையும் வாங்கிவிட்டு மூன்றாவதை மறந்துவிடுவோம். சிங்கப்பூரை விட்டுக் கிளம்பியவர் திரும்பி உள்ளே வரவும் அனுமதி வேண்டும். ஒரு தடவை மட்டும் நுழையும் விசாவில் வந்தால், கப்பலோடு திரும்பி வந்து கரையில் நின்று முழிக்க வேண்டியதுதான். இதைக் கொட்டை எழுத்தில் எழுதி வைத்துக்கொள், சேகர்.

சைவம் என்றால் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். கப்பலில் ஏறிய பிறகு சொன்னால் மூன்று நாளும் வேகவைத்த உருளைக்கிழங்குதான். வாந்திக்கு இஞ்சி மரப்பாவும் உப்பில் போட்ட நாரத்தங்காயும் எடுத்துக்கொள்ளுங்கள். கப்பல் மருந்துக்கடை மாத்திரை தூங்க வைத்துவிடும்.

இதெல்லாம் யாரும் சொல்வார்கள். நான் சொல்ல வந்தது படிவத்தில் பேர் எழுதுவதைப் பற்றி. அதற்கு முன்னால் நாங்கள் ஏன் கப்பலுக்குப் போனோம் என்று சொல்ல வேண்டும்.

3

நான் இங்கே வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. டைல்ஸும் வாஷ்பேசினும் இறக்குமதி செய்யும் ஒரு கிடங்கில் வேலை. பெட்டியைப் பிரித்து, ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டி, கணீர் என்றால் ஒரு பக்கமும் மொண்ணையாகக் கேட்டால் மறுபக்கமும் வைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் காதுக்குத் தெரியும். ஊரில் சூளையிலிருந்து சரக்கு இறக்கும்போது கற்ற வித்தை அது. அந்த ஒரு வித்தையை வைத்தே இத்தனை வருஷம் பிழைக்கிறேன்.

ஷிப்ட் மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கும். வீடு திரும்பும்போது தனம் தட்டைக் கவிழ்த்து மூடி வைத்திருப்பாள். மகள் மலர்விழி தூங்கியிருப்பாள். காலையில் நான் எழுவதற்குள் பள்ளிக்குப் போயிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை ஒன்று இருக்கிறதே என்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு டியூஷன், பிறகு தோழிகள். நான் வந்து இரண்டு வருஷம் கழித்துத் தனத்தோடு இங்கே வந்தபோது அவளுக்குப் பத்து வயது, 'அப்பா, லிப்ட்டுல என்ன வுட்டுட்டுப் போவாதீங்க' என்று சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பதினெட்டு வயதில் அவளுக்கு ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. பிப்ரவரியில் கிளம்ப வேண்டும்.

ஒரு நாள் கிடங்கில் டிபன் பாக்ஸைத் திறந்தபோது யோசித்துப் பார்த்தேன். நாங்கள் மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டது கடைசியாக எப்போது? ஞாபகம் வரவில்லை. அன்றைக்குத்தான் கப்பல் விளம்பரம் பார்த்தேன். மூன்று இரவு, மூன்று சாப்பாடு. கப்பலிலிருந்து எவரும் டியூஷனுக்குப் போக முடியாது. எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

4

இப்போது பேர் விஷயம். என் பேர் கலியபெருமாள். அப்பா பேர் கோவிந்தசாமி. பாஸ்போர்ட்டில் குடும்பப் பேர் என்ற கட்டத்தில், நம் ஊர் வழக்கப்படி, அப்பா பேரைப் போட்டிருக்கிறார்கள். தனத்துக்கு அந்தக் கட்டத்தில் புருஷன் பேர். மலருக்கு அப்பா பேர். ஆக, அவர்கள் இருவரும் கலியபெருமாள். நான் மட்டும் கோவிந்தசாமி.

வந்த புதிதில் வேலை அனுமதி வாங்கும் கவுண்டரில், அது என் பேர் இல்லை, அப்பா பேர் என்று விளக்கப் பார்த்தேன். கவுண்டரில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'அப்படியானால் வேலைக்கு வருவது நீங்களா, உங்கள் அப்பாவா?' என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். மறுநாள் வேறு காகிதத்தோடு வரச் சொல்லிவிட்டார்கள். அன்றோடு எந்தக் கவுண்டரிலும் வாயைத் திறப்பதில்லை என்று முடிவெடுத்தேன். கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். கிடங்கில் எனக்குப் பேர் மிஸ்டர் கோவிந்தசாமி. அப்பா பெண்ணாடம் ஆலைக்குக் கரும்பு வண்டி ஓட்டியவர், சிதம்பரத்தைத் தாண்டிப் போனதில்லை. செத்துப்போன மனுஷன் பேர் சிங்கப்பூரில் தினம் இரண்டு மணி ஷிப்ட்டுக்குப் போகிறது.

வீட்டிலாவது என் பேர் புழங்குமா என்றால் அதற்கும் வழியில்லை. தனம் 'ஏங்க' என்பாள், 'மலரு அப்பா' என்பாள். புருஷன் பேரை வாயால் சொல்வதில்லை. மலர் பிறந்தபோது விருத்தாசலம் பெரியாஸ்பத்திரியில் நர்ஸம்மா தகப்பன் பேர் கேட்டிருக்கிறார்.

"சாமி பேருதாங்க."

"எந்தச் சாமிம்மா? முருகனா?"

"இல்லீங்க, திருப்பதில இருக்காரே, அவருங்க. முன்னாடி இன்னும் மூணு எழுத்து வருங்க."

"ஏம்மா, எனக்கு இருபது புள்ளைங்களுக்கு எழுதணும்!"

கடைசியில் காப்பி பிளாஸ்கோடு வந்த சேகர்தான் வராந்தாவிலிருந்தே பேரைக் கத்தினான். இங்கே வந்த பிறகு டாக்டரிடம் போனாலும் பள்ளிக்குப் போனாலும் தனம் அடையாள அட்டையை எடுத்து நீட்டிவிடுவாள். அட்டை எதற்கு இருக்கிறது என்பாள்.

5

கப்பலில் ஏறும்போது பெரிய பெட்டிகளை வாங்கிக்கொள்வார்கள். கேபினுக்கு வந்து சேர மூன்று நான்கு மணி நேரம் ஆகும். ஒரு மாற்றுத் துணி, மருந்து, பாஸ்போர்ட் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். உயிர்காப்புச் சட்டை மாட்டிக்கொண்டு ஒரு ஒத்திகை நடக்கும். அதற்கு ஒளிந்துகொள்ளாதீர்கள். தனம் புடவைக்கு மேல் அந்த ஆரஞ்சுச் சட்டையை மாட்டிக்கொண்டு, "ஏங்க, இத மாட்டிக்கிட்டு எங்கம்மா முன்னாடி நின்னா பேயோட்ட ஆளு கூப்புடும்" என்றாள். மலர் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கே வந்தது தகும் என்று நினைத்தேன்.

கேபினில் கட்டில் மேல் மூன்று அட்டைகள் வைத்திருந்தார்கள். இரவுச் சாப்பாட்டுக்கு யாருக்கு எத்தனை மணி, எந்த மேசை என்று போட்ட அட்டைகள். கூட்டத்தை இரண்டு பந்தியாகப் பிரித்திருந்தார்கள், குடும்பப் பேரின் முதல் எழுத்துப்படி. கோவிந்தசாமி ஆறு மணிப் பந்தி, பதினாலாம் மேசை. கலியபெருமாள், இரண்டு பேர், எட்டேகால் மணிப் பந்தி, முப்பத்தோராம் மேசை.

"அப்பா, கவுண்டர்ல போய்ச் சொன்னா மாத்திடுவாங்க" என்றாள் மலர். "நான் போய்க் கேக்கட்டா?"

"வேணாம்மா. அவங்க ஒரு கணக்குல போட்டிருப்பாங்க. நாம போயி தொந்தரவு குடுக்கக் கூடாது."

"ஒரு நிமிஷ வேலைப்பா."

"வேணாம்னு சொல்றேன்ல?"

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவள் தோளைக் குலுக்கிவிட்டுக் கண்ணாடி பக்கம் திரும்பிக்கொண்டாள். ஊருக்கு ராஜாவானாலும் கவுண்டருக்கு முன்னால் நான் கோழிக்குஞ்சு. அதை மகளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

6

பதினாலாம் மேசையில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு வயதான தம்பதி. நல்லவர்கள். என்னை 'கோவிண்டா' என்று கூப்பிட்டார்கள். ஒரு நிமிஷம் திருப்பதி மலையில் நிற்பதுபோல் இருந்தது. சூப்புக் கோப்பை வந்ததும் பழக்க தோஷத்தில் விரலால் தட்டினேன். வெயிட்டர் ஓடிவந்தார். ஒன்றும் வேண்டாம் என்று சைகை காட்டினேன். தட்டு வந்தது, அதையும் தட்டினேன். மறுபடி ஓடிவந்தார். எங்கள் ஊரில் பீங்கான் செய்வார்கள், அதனால் இந்தப் பழக்கம் என்று விளக்கினேன். ஊர்ப் பேரைக் கேட்டார்கள். விருத்தாசலம் என்றேன். இருவரும் நாலைந்து தடவை முயற்சி செய்துவிட்டு ஐஸ்கிரீமுக்குப் போய்விட்டார்கள்.

எட்டேகாலுக்கு நான் வெளியே தளத்தில் நின்றேன். சாப்பாட்டுக் கூடத்தின் வாசல் திறந்திருந்த கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிந்தது. கோட்டுப் போட்ட ஒருவர் பட்டியலை வைத்துக்கொண்டு பேர் கேட்டு உள்ளே அனுப்பினார். தனம் மலரை முன்னால் தள்ளினாள். மலர் என் பேரை வெள்ளைக்காரர் மாதிரி உச்சரித்தாள், அட்டைகளையும் காட்டினாள். அவர் தலைகுனிந்து வரவேற்று அழைத்துப்போனார். என் பேருக்கு அந்தக் கப்பலில் ஒரு மேசை இருந்தது. நான் வெளியே காற்றில் நின்றுகொண்டிருந்தேன். தனிமை என்றால் ஆளில்லாத இடத்தில் வருவது என்று நினைத்திருந்தேன். ஆயிரம் பேர் இருக்கும் கப்பலில் அது வந்து பக்கத்தில் நின்றது.

சரி, காலையும் மதியமும் எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்து சாப்பிடலாமே என்று கேட்பீர்கள். உட்காரலாம். ஆனால் மலர் காலையில் பத்து மணிக்குத்தான் எழுந்தாள். மதியத்துக்குள் அவள் வயதுப் பெண்கள் நாலு பேர் சிநேகிதமாகிவிட்டார்கள். பினாங்கில் இறங்கும்போதும் அவர்களோடுதான் போனாள். நானும் தனமும் கடைவீதியில் நடந்து, ஒரு கோயிலில் கற்பூரம் ஏற்றிவிட்டுத் திரும்பினோம்.

கரையில் இறங்குகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. கப்பல் நேரமும் கரை நேரமும் வேறாக இருக்கலாம். புக்கெட்டில் ஒரு மணி நேர வித்தியாசம் இருந்தது, கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்திலேயே விட்டுவிடுங்கள். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஏறிவிடுங்கள், கப்பல் யாருக்காகவும் நிற்காது. பிள்ளைகளோடு போனால், எத்தனை மணிக்கு எந்தப் படிக்கட்டு அருகே சந்திப்பது என்று காலையிலேயே பேசிக்கொள்ளுங்கள். கப்பலில் பிள்ளைகளைத் தேடுவது திருவிழாவில் தேடுவதைவிடக் கஷ்டம். திருவிழாவிலாவது ஒலிபெருக்கியில் நம் பாஷையில் கூப்பிடலாம்.

7

மூன்றாம் நாள். அன்றைக்கு விட்டால் இனி இல்லை. சாயங்காலம் ஐந்து மணிக்குத் துணிந்து தகவல் கவுண்டருக்குப் போனேன். எனக்கு முன்னால் ஏழு பேர். என்ன சொல்ல வேண்டும் என்று ஆங்கிலத்தில் மனசுக்குள் கோத்துப் பார்த்தேன். ஒரே குடும்பம், பேர்தான் வேறு, ஒரே மேசை வேண்டும். என் முறை வந்தது. கவுண்டரில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே என்ன வேண்டும் என்றாள்.

தபால் தலை கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அவமானமாக இருந்தது. ஆறு மணிப் பந்திக்குப் போகவில்லை. கேபினுக்குத் திரும்பியபோது மலர் புதுத்துணி போட்டுக்கொண்டு நின்றாள்.

"அப்பா, இன்னிக்கு ஃப்ரெண்ட்ஸெல்லாம் மேல பார்ட்டி வெச்சிருக்காங்க. கடைசி நாளுல்ல. நான் அங்கயே சாப்பிட்டுக்கிறேன். அம்மா, நீங்க போய்ச் சாப்பிட்டுருங்க, ஓகேவா?"

பதிலுக்கு நிற்காமல் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். மேசை அட்டைகள் இரண்டும் அந்தப் பைக்குள் இருந்தன. அது தனத்துக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது.

"எனக்குப் பசிக்கலீங்க" என்றாள்.

"போயிட்டு வா. ரெண்டு நாளு பாத்த மொகந்தான, வுட்டுடுவாங்க."

எட்டேகாலுக்குத் தலையை வாரிக்கொண்டு கிளம்பினாள். எனக்கு மனசு கேட்கவில்லை. பத்தடி பின்னால் நானும் போனேன். வாசலில் அன்றைக்கு வேறு ஆள், பட்டியலைப் பார்த்தபடி பேர் கேட்டார். தனம் கையை நீட்டினாள், கையில் ஒன்றும் இல்லை. அவர் மறுபடி கேட்டார். அவளுக்குப் பின்னால் வரிசை நீண்டது. யாரோ ஒருவர் எட்டிப் பார்த்தார். நான் நாலு எட்டு வைத்துப் போய் நின்றால் போதும். கால் வரவில்லை. பழைய கவுண்டர், பழைய சிரிப்பு எல்லாம் வந்து வழியை மறித்தன. சாப்பிடாமலே திரும்பி வந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

தனம் முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"கலியபெருமாளு" என்றாள்.

முணுமுணுக்கவில்லை. கூடத்துக்குள்ளே போட்டிருந்த தட்டு கரண்டிகளுக்கும் கேட்கும்படி சொன்னாள். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். அவள் வாயில் என் பேரை அன்றைக்குத்தான் கேட்டேன். எத்தனையோ வருஷமாக என்னை யாரும் அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அவர் பட்டியலில் விரலை ஓட்டி, இரண்டு பேரா என்று விரலால் கேட்டார். தனம் திரும்பிக்கூடப் பார்க்காமல் கட்டை விரலால் பின்னால் என்னைக் காட்டினாள்.

"ரெண்டு பேருதாங்க. அவரு வர்றாரு."

முப்பத்தோராம் மேசையில் மலருடைய நாற்காலியில் நான் உட்கார்ந்தேன்.

"பேரச் சொல்லிட்டியே" என்றேன்.

"பின்ன என்னா பண்றது? பின்னால பத்து பேரு நிக்கிறாங்க, நீங்க கம்பம் நட்டாப்புல நிக்கிறீங்க."

"நான் நின்னது தெரியுமா?"

"ஒங்க செருப்புச் சத்தம் எனக்குத் தெரியாதா?" என்றாள். ரொட்டியைப் பிய்த்துப் பாதியை என் தட்டில் வைத்தாள். "மலருக்கு இந்தச் சூப்பு ரொம்பப் புடிக்கும். ரெண்டு நாளும் ரெண்டு தடவ கேட்டு வாங்கிக் குடிச்சுச்சு" என்றாள். மூன்று பேராக உட்கார வேண்டும் என்று வந்தேன். மகள் எழுந்துபோன இடத்தில்தான் எனக்கு நாற்காலி கிடைத்தது.

8

சிங்கப்பூர் திரும்பி மறுவாரம் கிடங்கு மேலாளர் அறைக்குப் போய் பகல் ஷிப்ட் கேட்டேன். நாற்காலியில் உட்காரச் சொல்லி, 'ஏன் இவ்வளவு வருஷமாகக் கேட்கவில்லை?' என்றார். மாற்றிக் கொடுத்துவிட்டார். இப்போது தினமும் ஏழரை மணிக்குத் தனமும் நானும் சேர்ந்து சாப்பிடுகிறோம். மலர் பெர்த்துக்குப் போய்ப் பத்து மாதம் ஆகிறது. கேட்க வேண்டிய காலத்தில் கேட்காததை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்குவதில்லை.

ஆகவே சேகர், கேபின், விசா, இஞ்சி மரப்பா எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்காதே. அட்டையைக் கையில் வாங்கிய உடனே பார். தனித்தனிப் பந்தி போட்டிருந்தால் முதல் நாளே கவுண்டருக்குப் போ. ஆங்கிலம் தப்பாக வந்தால் வரட்டும். பிள்ளைகள் கேட்கிறேன் என்றால் கேட்க விடு. உனக்கு மூன்று நாள்தான் இருக்கிறது.

தனம் அதற்குப் பிறகு என் பேரைச் சொன்னதில்லை. சொல்லச் சொல்லி நானும் கேட்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் மலரின் ஹாஸ்டலுக்கு ஃபோன் போடுகிறேன். மாடிக்கு ஒரே ஃபோன்தான், வராந்தாவில் இருக்கிறது. எடுக்கிறவர்களுக்கு அறைக் கதவில் எழுதியிருக்கும் கடைசிப் பேரைச் சொன்னால்தான் தெரியும். அதனால் என் பேரைச் சொல்லி, அந்த ஆளைக் கூப்பிடுங்கள் என்று நானே கேட்கிறேன். யாரோ ஒரு பெண் ரிசீவரைத் தொங்கவிட்டு, வராந்தாவின் அந்தக் கோடி வரைக்கும் 'கலியபெருமாள்' என்று கத்துகிறாள். தனமும் ரிசீவரில் காதை ஒட்டிக்கொள்கிறாள். இரண்டு தடவை, சில நாள் மூன்று தடவை கூப்பிட வேண்டியிருக்கிறது. பிறகு தூரத்தில் ஒரு கதவு திறக்கும் சத்தம் கேட்கிறது. ஓடிவரும் செருப்புச் சத்தம் கேட்கிறது. என் மகள் மூச்சு வாங்கிக்கொண்டு, "சாப்டீங்களாப்பா?" என்கிறாள்.